பாதித் தண்ணீரை எப்படி வரைவது

அன்பு மகனே,

உறையைப் பிரித்ததும் இந்தக் கையெழுத்தைப் பார்த்துத் திகைத்திருப்பாய். நம் வீட்டுக் கடிதம் என்றால் பஞ்சாயத்து ஆபீஸ் சுப்பையா எழுதுவது, எழுத்தெல்லாம் காற்றில் சாய்ந்த கம்பம்பயிர் மாதிரி ஒரே பக்கமாகக் கிடக்கும் என்று நீயே கேலி பண்ணுவாய். இது நிமிர்ந்து நிற்கிற எழுத்து என்று எழுதுகிற பிள்ளை சொல்கிறது. அது யார் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறது. வெற்றிலை மடிக்க நான் நிறுத்தினால், அதுவும் பேனாவை மூடி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அதனால் அவசரமில்லாமல் பேசுகிறேன். நீயும் ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து வாசி.

உன் படம் வந்த பத்திரிகையை மதுரையிலிருந்து தபாலில் அனுப்பி, "அப்பா பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லணும்" என்று கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. பதில் வராததால் உன் அம்மாவுக்குத் தனியாக ஒரு கார்டு போட்டாய். அப்பாவுக்குக் கோபமா என்று அதில் கேட்டிருந்தாய். கோபம் இல்லை. ஆனால் உன் அந்தப் படத்தால் உன் அண்ணன் கருப்பசாமியின் கல்யாணம் நின்று போகிற நிலைக்கு வந்துவிட்டது. பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இதில் என் பங்கும் உண்டு, உன் பங்கைவிடப் பெரியது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் போகிறேன். எனக்கு எழுத்து தெரியாதே தவிர நடந்தது எதுவும் மறக்காது.

முதலில் உன் படம் வந்த நாளைச் சொல்கிறேன். வேலுச்சாமி டீக்கடையில் காலையில் நடக்கிற கூத்து உனக்குத் தெரியும். பத்திரிகை வந்ததும் சுப்பையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசிப்பான், நாங்கள் எல்லோரும் கேட்போம். எந்தச் செய்தியை நீட்டுவது, எதை விழுங்குவது என்பது அவன் இஷ்டம். அவனுக்குத் தொண்டை கட்டினால் ஊருக்கே அன்றைக்குச் செய்தி கிடையாது. அன்று அவன் சட்டைப்பையில் கண்ணாடியைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே, ஆடு மேய்க்கிற மூக்கன் பத்திரிகையில் விரலை வைத்துவிட்டான்.

"ஏலே, இது நம்ம பக்கம்லா! பருத்திக்காய் போட்டிருக்கான் பாரு."

எல்லோரும் குனிந்தோம். வரிசையாக மூன்று குடம். ஒவ்வொரு குடத்தின் வயிற்றிலும் ஒரு அடையாளம்.

"பெரிய குடம் யாருது?"

"நெல்லுக்கதிரு போட்டிருக்கு. ஆத்துப் பாசனத்துக்காரனுவ."

"பனைமரம் போட்டது?"

"கடக்கரைப் பக்கம். அவனுக்கும் நம்மளவிட ஒரு சுத்துப் பெருசாத்தான் இருக்கு. அப்போ பருத்திக்காய் போட்ட இந்தக் குட்டிக் குடம் நமக்கு."

சுப்பையா பதறினான். "கொஞ்சம் பொறுங்கய்யா, நான் வாசிச்சுச் சொல்லுதேன்."

"நீரு கண்ணாடியத் தேடும் வே," என்றான் மூக்கன். "நாங்க வாசிச்சு முடிச்சாச்சு."

கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு மயிர் கூச்செறிந்துவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேலாக அடுத்தவன் வாயைப் பார்த்தே செய்தி தெரிந்துகொண்ட கூட்டம் நாங்கள். அன்றைக்குத்தான் பத்திரிகை எங்கள் முகத்தைப் பார்த்து நேராகப் பேசியது. கோடையில் எந்தப் பக்கத்துக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்பதை வாய் திறக்காமல் நீ சொல்லிவிட்டாய். என் மகன் வரைந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வேலுச்சாமி, "உங்க சின்னவன் வரைஞ்சதாம்லா அண்ணாச்சி, ஓரத்துல பேரு இருக்குன்னு சுப்பையா சொல்லுதான்" என்று டீயை நீட்டினான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. உன் தொழில் எப்படி நடக்கிறது என்று நான் சரியாகக் கேட்டதே இல்லை. கெட்டி அட்டையில் கறுப்பு மை தொட்டு வரைவேன், அதைப் படம் பிடித்துத் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுப்பார்கள், அந்தத் தகடு எழுத்துகளோடு சேர்ந்து மெஷினில் ஏறும் என்று ஒரு பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய். நான் மாட்டுக்கு லாடம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். இப்போது கேட்கிறேன். கணக்கை உனக்கு யார் தருகிறார்கள்? செய்தி எழுதுகிறவர் ஒரு துண்டுத்தாளில் எண்களை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாரா? குடம் என்று முடிவு செய்தது அவரா, நீயா? குடத்துக்குப் பதிலாகக் கிணறே வரையலாம் என்று உனக்குத் தோன்றவில்லையா? நம் பக்கத்துக்குப் பருத்திக்காய் போட்டாயே, கம்பங்கதிர் போடலாமா என்று யோசித்துவிட்டு அப்புறம் பருத்திக்கு வந்தாயா? பத்திரிகையைப் பார்க்கிறவன் எவனுடைய முகமாவது வரையும்போது உன் கண்ணில் வருமா?

இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு முக்கியம். ஏனென்றால் படத்தைப் பார்த்து நடக்கிறவர்கள் நாங்கள். நீ கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தபோது உனக்கே தெரியும். கடையில் போய், "கிளி கொடு", "சாவி கொடு" என்றுதான் தீப்பெட்டி வாங்குவோம். அதன் பெயர் என்னவென்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. ஓட்டுப் போடுவது சின்னத்துக்கு. பருத்திக்கு அடிக்கிற மருந்து டப்பாவில் மண்டை ஓட்டைப் பார்த்தால் சோற்றுக்கு முன்னால் கை கழுவுவோம். எழுத்து தப்பாக இருந்தால் படித்தவன் கண்டுபிடிப்பான், ஆசிரியருக்குக் கடிதம் போடுவான். படம் தப்பாக இருந்தால் நாங்கள் அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். தானியக் குலுக்கை வைத்திருக்கும் அறைச் சுவரில் நான் மழையைக் குறித்து வைப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். தூறல் என்றால் விரல் நுனியில் சுண்ணாம்பு தொட்டு ஒரு புள்ளி. ஏர் கட்டுகிற அளவுக்கு மண் நனைந்தால் இரண்டு விரலால் ஒரு கோடு. ஊருணி நிறைந்தால் முழு உள்ளங்கையையும் பதிப்பேன். நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் வந்து பார்க்கிறேன், உள்ளங்கை ஒவ்வொன்றும் மயிலாகிவிட்டது. விரல்கள் எல்லாம் தோகை, கட்டைவிரல் கழுத்து. புள்ளிகளுக்கெல்லாம் கரியால் முனை வைத்ததில் அவை மயில் கொத்துகிற தானியமாகிவிட்டன. ஒரு வருஷத்து மழை போச்சே என்று மாடு ஓட்டுகிற தார்க்கம்பால் உன்னை விளாசிவிட்டேன். நீ அழுதுகொண்டே போய், களத்துத் தரையில் கரித்துண்டால் புள்ளி, கோடு, கை எல்லாவற்றையும் வரிசை மாறாமல் திரும்பப் போட்டாய். நான் பார்க்காதவன் மாதிரி மாட்டுக்கொட்டில் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் அப்புறம் வந்து எண்ணினேன். ஒரு புள்ளி கூடுதலாக இருந்தது. தப்பு என்றுதான் நினைத்தேன். பிறகு உன் அம்மாவிடம் விசாரித்தால், நான் பருத்தி ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போயிருந்த அன்று ஊரில் ஒரு தூறல் விழுந்திருக்கிறது. நீ அதையும் எண்ணி வைத்திருந்தாய். உன் கணக்குதான் சரி, என்னுடையது தப்பு. இதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன். அந்த அடி தப்பு, ஐயா.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், உனக்குக் கணக்கு பிசகாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன் குடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு உறுத்தியது. சுப்பையா ஒரு வழியாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குடத்துக்கு அடியில் இருந்த எண்களை வாசித்தான். ஆற்றுப் பாசனக்காரர்களுக்கு இரண்டு பங்கு என்றால் நமக்கு ஒரு பங்கு என்றான். பாதி. சரிதான், நம் பக்கம் பாதிதான். ஆனால் கடையில் ஒருவனும் பாதி என்று பேசவில்லை. "அவனுக்குக் குடம், நமக்குச் செம்பு" என்றுதான் பேசினார்கள். ஏன் அப்படி? எண் ஒன்றைச் சொல்ல, படம் வேறொன்றைச் சொல்லுமா? நீ அனுப்பிய பத்திரிகையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். போகும்போதும் வரும்போதும் எடுத்துப் பார்ப்பேன். உன் அம்மா, "மவன் படத்தப் பாத்து இன்னும் பசி ஆறலியாக்கும்" என்பாள்.

இதற்கு நடுவில்தான் தரகர் வந்தார். உன் அண்ணனுக்கு ஆற்றுப் பக்கத்து ஊரில் சுடலைமுத்து என்பவர் மகள் முத்துலட்சுமியைப் பேசியிருந்தது உனக்குத் தெரியும். மாசியில் அவர்கள் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நம் வீட்டைப் பார்க்க வந்தார்கள், பிடித்துப் போயிற்று, ஆவணியில் கல்யாணம் என்று வாய்ப்பேச்சும் ஆகியிருந்தது. தரகர் வாசலில் நின்றபடியே பேசினார், உட்காரவில்லை.

"பொண்ணு வீட்டுல கொஞ்சம் யோசிக்கணும்ங்காவ, அண்ணாச்சி."

"என்னத்த யோசிக்கணுமாம்?"

"பத்திரிகையில படம் வந்திருக்காம்லா. அந்த ஊருக்காரனுவ எல்லாம் அவியகிட்ட, ஒம் மவ குட்டிக் குடத்துல முங்கிக் குளிக்கப் போறாளான்னு கேக்கானுவளாம்."

உன் அண்ணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான். முப்பத்திரண்டு வயசு. நம் பக்கத்துக்குப் பெண் கொடுக்க யோசித்து யோசித்து நாலு இடம் தட்டிப்போய், ஐந்தாவதாக அமைந்தது. அவனுக்கு முத்துலட்சுமியைப் பிடித்துப் போயிற்று என்பது எனக்குத் தெரியும். அவள் வந்து போனதிலிருந்து வாரம் ஒரு முறை சவரம் செய்துகொள்கிறான்.

மறுநாள் காலை உன் அம்மா கம்பு அளந்து கொடுக்கச் சொன்னாள். ஒன்றரைப்படி. படியில் ஒன்று அளந்தேன், அரைப்படியை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. படியையும் அரைப்படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அரைப்படி பாதி பிடிக்கிறது. ஆனால் பாதி உயரமா இருக்கிறது? இல்லை. படிக்குத் தோள் உயரம் வருகிறது! பாதி பிடிக்க வேண்டும் என்றால் உயரத்திலும் அகலத்திலும் கொஞ்சம்தான் குறைய வேண்டும். நீ என்ன செய்திருக்கிறாய்? பாதி என்றதும் குடத்தின் உயரத்தையும் பாதியாக்கி, அகலத்தையும் பாதியாக்கிவிட்டாய். அதில் பாதித் தண்ணீர் பிடிக்காது, ஐயா. களத்தில் இத்தனை வருஷம் அளந்தவன் நான், எனக்கே இரண்டு மாதம் பிடித்தது. எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. புதிர் அவிழ்ந்த சந்தோஷம். "கெடச்சிட்டுட்டீ!" என்று நான் கத்தியதில் உன் அம்மா கம்பைக் கொட்டிவிட்டாள்.

பத்திரிகையைத் துண்டில் சுற்றிக்கொண்டு இன்று விடிந்ததும் கிளம்பினேன். கோவில்பட்டியில் பாசஞ்சர் ரயில் பிடித்து, கடம்பூரில் ஜன்னல் வழியாகப் போளி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, திருநெல்வேலியில் இறங்கிப் பஸ் ஏறி, சுடலைமுத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் சங்கடத்தோடு எழுந்தார். நான் துண்டைப் பிரித்துப் பத்திரிகையை எடுத்தேன். அவர் உள்ளே போய் அவருடைய பத்திரிகையை எடுத்து வந்தார். இரண்டு பேரும் ஒரே பக்கத்தை மடித்து வைத்திருந்தோம். அவருக்கும் எழுத்து தெரியாது.

"நான் தப்பாச் சொல்லல அண்ணாச்சி," என்றார். "நீங்களே பாருங்க. இம்புட்டூண்டு குடத்த வச்சு எம் மவ எப்படிக் குடும்பம் நடத்துவா?"

"ஒரு பெரிய குடமும், அதோட உயரத்துல பாதி, அகலத்துல பாதி இருக்க ஒரு ஏனமும் வேணும். உங்க வீட்டுல இருக்கா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கதவோரம் நின்ற பெண் உள்ளே போய், ஒரு பெரிய குடமும் ஒரு சின்னப் பித்தளைக் குடமும் கொண்டுவந்து வைத்தது. விரலால் அளந்து பார்த்தேன். ஏறக்குறையப் பாதி. தொட்டியிலிருந்து சின்னக் குடத்தில் மொண்டு பெரிய குடத்தில் ஊற்றினேன். சுடலைமுத்து எண்ணினார். இரண்டு ஊற்றினால் நிறைந்துவிடும் என்று நினைத்தவர், மூன்றில் குனிந்து உள்ளே பார்த்தார். நாலு, ஐந்து. ஆறில் திரும்பவும் குனிந்தார். ஏழில் கழுத்தைத் தொட்டது. எட்டில்தான் விளிம்புக்கு வந்தது.

"எட்டுல்லா பிடிக்கு!"

"பத்திரிகைக் கணக்கு என்ன? எங்களுக்குப் பாதி. படம் காட்டுறது என்ன? எட்டுல ஒண்ணு. கணக்கு சரி, படம் தப்பு."

"அட படுபாவி! எந்தப் பத்திரிகைக்காரன் அண்ணாச்சி இப்படி ஊரை ஏமாத்துனவன்?"

"எம் மவன்தான். மாப்பிளைக்குத் தம்பி."

அவர் பத்திரிகையைத் திரும்ப ஒரு தடவை பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், இருமி இருமிச் சிரித்தார். "அண்ணன் கல்யாணத்துக்குத் தம்பியே குழி வெட்டிட்டானே! வரட்டும், பந்தியில அவனுக்குக் குட்டிக் குடத்துலதான் தண்ணி!" என்றார். போளியைப் பிரித்து இரண்டு பேரும் தின்றோம். ஆவணியில் நாள் பார்த்துவிடலாம் என்றார். வயலில் மடை திறக்கிற நேரமாகிவிட்டது, சாப்பிடுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று கிளம்பிப் போனார்.

அப்போதுதான் அந்தப் பெண் கேட்டது. "மாமா, படத்த வரைஞ்சவியளுக்கு இத எழுதிப் போடணும்லா? இல்லன்னா மறுபடியும் இப்படித்தான வரைவாவ?" பத்தாவது வரை படித்த பிள்ளை. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து, வேப்பமரத்தடியில் என் எதிரே உட்கார்ந்துகொண்டது. இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். இந்த நிமிர்ந்த எழுத்து முத்துலட்சுமியுடையது. உன் அண்ணன் சவரம் செய்துகொள்கிற கதையையும் அவள்தான் எழுதினாள். எழுதும்போது தலை நிமிரவே இல்லை.

இந்த இடத்தோடு கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கல்யாணம் நிலைத்துவிட்டது, உன் தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லியாயிற்று, நான் கெட்டிக்காரன். ஆனால் என் பங்கு இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன் என்று ஆரம்பத்தில் சொல்லியிருக்கிறேன். அப்போது வாய் எளிதாகச் சொல்லிவிட்டது. இப்போது அதைக் கேட்டு எழுத வேண்டியவள் எதிரில் இருக்கிறாள். வெற்றிலை இரண்டு முறை போட்டுவிட்டேன். இனியும் நிறுத்த வழியில்லை. எழுது தாயி.

மாசியில் இவர்கள் வீடு பார்க்க வருவதற்கு முதல் நாள், நானும் உன் அண்ணனும் வண்டியில் பீப்பாயை ஏற்றிக்கொண்டு நாலு மைல் தள்ளி ஒரு தோட்டத்துப் பம்புசெட்டுக்கு நல்ல தண்ணீர் பிடிக்கப் போனோம். மூன்று நடை. முற்றத்துத் தொட்டியை நிறைத்தோம். அக்கம்பக்கத்து வீடுகளில் குடம் இரவல் வாங்கி, பதினாலு குடத்தில் தண்ணீர் பிடித்து நடையிலிருந்து அடுப்படி வரைக்கும் வரிசையாக வைத்தோம். முருங்கைக்கு மூட்டோடு ஊற்றி மண்ணைச் சேறாக்கினேன். நாலு சேலையை நனைத்துக் கொடியில் போட்டேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பொய்ய இப்படிக் குடம் குடமா நெரப்பி வைக்குதீங்களே, நாளைக்கி வந்து அந்தப் புள்ள கேட்டா நானா பதில் சொல்லுவேன்?" என்றாள். வந்தவர்களில் முத்துலட்சுமியின் அத்தை தொட்டியில் கையை விட்டுப் பார்த்து, "முழங்கை முங்குது" என்றாள். நான் பெருமையாகச் சிரித்தேன். அவர்கள் போனதும் இரவல் குடங்களைத் திருப்பிக் கொடுத்தோம். தொட்டித் தண்ணீரில் உன் அண்ணன் ஒரு வாரம் ஆனந்தமாகக் குளித்தான்.

யோசித்துப் பார்த்தால் நானும் ஒரு படம்தான் வரைந்திருக்கிறேன். நீ மையால் வரைந்தாய், நான் குடத்தால் வரைந்தேன். நீ தெரியாமல் சின்னதாக்கிவிட்டாய். நான் தெரிந்தே பெரிதாக்கினேன். உன் படத்தில் எண்களாவது உண்மை. என் படத்தில் அதுவும் இல்லை. உன் தப்பைப் பிடிக்க ரயிலேறி வந்தவன், என் தப்பை மடியில் கட்டிக்கொண்டேதான் வந்தேன்.

முத்துலட்சுமி இங்கே பேனாவை நிறுத்திவிட்டாள். "நிறுத்தாம எழுது தாயி, நீ கேக்கதும் நான் சொல்லதும் இதுலயே இருக்கட்டும்" என்று சொன்னேன். அதனால் அவள் பேச்சை அவளே எழுதுகிறாள்.

"அப்போ அந்தப் பதினாலு குடமும் வண்டித் தண்ணியா மாமா?"

"ஆமா தாயி."

"கொடியில கெடந்த சேலை?"

"அதுவும் அந்தத் தண்ணிதான்."

"நெசமா எத்தன குடம்? பங்குனி சித்திரையில?"

சொன்னேன். குளிக்கவும் துவைக்கவும் உப்புக் கிணறு இருக்கிறது, அது வற்றாது. குடிக்கிற தண்ணீர் ஊருணியில். கோடையில் ஊருணிக் காவல்காரன் தினம் ஒரு வீட்டுக்கு இரண்டு குடம்தான் விடுவான், பணக்காரன் வீடு, பஞ்சாயத்துத் தலைவர் வீடு என்று பாகுபாடு இல்லை. எண்ணிப் பார்த்து விடுவான். மழைக்காலத்தில் கணக்கே கிடையாது. ஊருணிக்கு ஒரு வாய் வெற்றிலையை மென்று துப்புகிற தூரம் நடக்க வேண்டும். இவ்வளவுதான். இதில் ஒரு சொட்டு கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவள் அதையும் எழுதி முடித்தாள். உள்ளே அவள் அம்மா குழம்பு தாளிக்கிற சத்தம் கேட்டது. எழுந்து போய்விடுவாளோ என்று அவள் கையையே பார்த்தேன். உன் அண்ணன் மண்வெட்டியோடு காட்டுக்குப் போனது கண்ணில் வந்து நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. இந்தத் தாளின் அடியில் ஏதோ கிறுக்க ஆரம்பித்தாள். என்ன என்று கேட்டேன். திருப்பிக் காட்டினாள். நீயும் பார். மேலே ஒரு வரிசையில் நாலு குடம். கீழே ஒரு வரிசையில் இரண்டு குடம். ஆறும் ஒரே அளவு.

"எங்க வீட்டுல கோடையில குடிக்க நாலு குடம் ஆவும் மாமா. உங்க வீட்டுல ரெண்டு. அவிய போட்ட கணக்கு சரிதான், பாதிதான். ஆனா ரெண்டுன்னா ரெண்டு குடம் வரையணும். குடத்தச் சின்னதாக்கக் கூடாது. அதே குடந்தான், எத்தனைங்கிறதுதான் கொறையணும். இப்படிப் போட்டா உங்க டீக்கடையில ஒருத்தரும் தப்பாப் பாக்க மாட்டாங்கள்லா?"

மகனே, படியும் அரைப்படியும் வைத்து நான் தப்பைத்தான் கண்டுபிடித்தேன். சரி எது என்பதை இந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. எனக்கு இது தோன்றவே இல்லை. மூக்கனுக்குக்கூட எண்ணத் தெரியும். அவன் ஆட்டை எண்ணுகிறவன். குடத்தை எண்ணிவிடுவான். உங்கள் ஆபீஸில் இதை யாராவது ஏற்கனவே செய்திருக்கிறார்களா? இல்லை என்றால் நீ செய். அடுத்த கோடையில் நம் பக்கத்துத் தண்ணீரைப் போடும்போது இப்படிப் போடு. ஐயோ பாவம் என்று யாராவது சொல்லட்டும் என்று நம் குடத்தைச் சுருக்காதே. எவனுக்கும் பயந்து என்னைப் போல ஊதவும் செய்யாதே. உன் படத்தைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு வீட்டில் பெண் கொடுப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். உனக்கு அவர்கள் முகம் தெரியாது. அவர்களுக்கு நீ அடியில் போட்ட எண்ணை வாசிக்கத் தெரியாது. படம் மட்டும்தான் தெரியும்.

கடைசியாக அவளிடம் கேட்டேன். "எல்லாம் சொல்லிட்டேன் தாயி. இனி நீ சொல்லு. வருவியா?"

முத்துலட்சுமி கீழ் வரிசையில் இருந்த இரண்டு குடத்தையும் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "இதுல ஒண்ண நான் எடுத்துக்கிடுதேன். இன்னொண்ண அவிய எடுக்கணும். சம்மதம்னா ஆவணியில நாள் பாருங்க."

நம் ஊரில் எந்த ஆம்பளையாவது ஊருணிக்குக் குடம் எடுத்துப் போய் நீ பார்த்திருக்கிறாயா? நானும் பார்த்ததில்லை. உன் அண்ணனிடம் இதை நான் வாயால் சொன்னால், வெட்கப்பட்டுச் சிரித்து மழுப்பிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான். எழுதிக் காட்டலாம் என்றால் அவனுக்கும் என்னைப் போல எழுத்து வராது. அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு படம் வரைந்து அவன் பெயருக்குத் தபாலில் அனுப்பு. இரண்டு குடம், ஒரே அளவு. ஒன்று அவள் இடுப்பில், ஒன்று அவன் தோளில். அவன் முகத்தை நன்றாகச் சவரம் செய்த முகமாகப் போடு. அடியில் ஒரு எழுத்துகூட எழுத வேண்டாம். அவன் வாசித்துக்கொள்வான்.

இப்படிக்கு,
உன் படத்தை இரண்டு மாதமாக வாசித்துக்கொண்டிருந்த
உன் அப்பா